நேரத்துக்குக் காட்டுங்கள்: சமூக வலைத்தள நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக வலைத்தள நிறுவனத்தாருக்கும், எந்தப் பதிவு யாருக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆறு வருடமாக இரத்தக் கொடையாளர்களுக்கான ஒரு பக்கத்தை நடத்தி வருகிறோம். இரத்தப் பிரிவு, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, யாரை அழைக்க வேண்டும், எத்தனை மணிக்குள். இவ்வளவுதான் எங்கள் பதிவுகளில் இருக்கும். 11,000 பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்துக்காக வந்தவர்கள்: தங்கள் பிரிவு இரத்தம் யாருக்காவது தேவைப்பட்டால் தெரிய வேண்டும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை 7 மணிக்கு ஓர் அப்பா அழைத்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் மகளுக்குப் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) வேண்டும், ஏ நெகட்டிவ், விடிவதற்குள். சிவப்பணுக்களைக் குளிரூட்டி 42 நாள் வரை வைத்திருக்க முடியும். பிளேட்லெட் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். அதனால்தான் இரத்த வங்கியில் கையிருப்பு அடிக்கடி தீர்ந்துபோகிறது, ஆளையே தேட வேண்டி வருகிறது. வருகிறவரும் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. இயந்திரத்தோடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

7.10க்குப் பதிவு போட்டோம். நள்ளிரவில் பார்த்தால் 214 பேருக்குக் காட்டப்பட்டிருந்தது. 11,000 பேரில் 214 பேர். பதிவுக்குக் கீழே, இன்னும் அதிகம் பேரைச் சென்றடைய இதை பூஸ்ட் செய்யலாம் என்று ஒரு பொத்தான். பணம் கட்டினாலும் விளம்பரம் பரிசீலனைக்குப் போகும், அதற்கு ஒரு நாள் வரை ஆகலாம் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு இருந்தது ஓர் இரவு.

பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தோம். சிலர் ஊரில் இல்லை. சிலர் எடுக்கவில்லை, அந்த நேரத்தில் எப்படி எடுப்பார்கள்? அந்த அப்பா இடையில் ஆறு முறை அழைத்தார். ‘யாராவது பேசினாங்களா?’ என்று மட்டும் கேட்பார். இல்லை என்றதும் ‘சரிங்க’ என்று வைத்துவிடுவார். மறுநாள் மதியம்தான் ஒருவர் கிடைத்தார். கேட்ட நேரத்தைத் தாண்டி ஏழு மணி நேரம் அந்தக் குழந்தை காத்திருந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள்; அதை நினைத்து நாங்கள் மூச்சு விட்டுக்கொள்கிறோம்.

விஷயம் அங்கே முடியவில்லை. புதன்கிழமை ஒருவர் உள்பெட்டியில் எழுதினார். ‘அக்கா, இந்தப் பதிவு இப்பதான் எனக்கு வந்தது. நான் ஏ நெகட்டிவ். அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் இருக்கேன். சனிக்கிழமை ராத்திரி முழுக்க வீட்லதான் இருந்தேன். ஏன் எனக்குச் சொல்லலை?’

மூன்று வருடமாக எங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிற தம்பி. இப்படி ஓர் இரவுக்காகவே பின்தொடர்ந்தவர். சொன்னோம், உன்னிடம் வந்து சேரவில்லை என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அந்தப் பதிவு ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மெதுவாக ஊர்ந்து கொண்டிருந்தது. தேவை முடிந்துவிட்டது என்று முதல் வரியிலேயே சேர்த்திருந்தோம். ஆனாலும் அதைப் படமெடுத்து அனுப்பியவர்கள் வழியாக அந்த அப்பாவுக்கு நான்கு நாளும் அழைப்புகள். ‘இன்னும் வேணுமா?’ ஒவ்வொன்றையும் அவர் எடுத்தார். மகள் படுக்கையில் இருக்கும்போது எந்த எண்ணை எடுக்காமல் விட முடியும்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பக்கத்தைத் தேடி வந்து பின்தொடர்பவருக்கு, நேரம் குறித்த பதிவை அந்த நேரத்துக்குள் காட்டுங்கள். புதிதாக யாரிடமும் கொண்டு போகச் சொல்லவில்லை. வைரலாக்கச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுங்கள், கேட்ட நேரத்தில் கொடுங்கள்.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. 2016இல் இன்ஸ்டகிராம், புதிய பதிவு முதலில் வரும் நேர வரிசையைக் கைவிடப் போவதாக அறிவித்தபோது, மக்கள் தங்கள் ஃபீடில், அதாவது தங்களுக்கு வரும் பதிவுகளில், சராசரியாக 70 சதவீதத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்றது. அதே வருடம் ட்விட்டரும் வரிசையை மாற்றியது. ஒருவர் முந்நூறு பேரைப் பின்தொடர்ந்தால் எல்லாவற்றையும் பார்க்க முடியாதுதான். நேர வரிசை மட்டும் இருந்தால் நாளுக்கு முப்பது பதிவு போடுகிறவர் மற்ற எல்லாரையும் மூழ்கடித்துவிடுவார். அதனால் தேர்ந்தெடுக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்கிறீர்கள். சரி. அந்த இயந்திரம் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் எங்கள் வழக்கு.

2023 மார்ச் மாதம் ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிட்டது. எங்களில் ஒருவர் நிரல் எழுதுகிறவர், அதை எங்களுக்குப் படித்துச் சொன்னார். ஒருவர் லைக் போடுவார் என்ற வாய்ப்புக்கு 0.5 மதிப்பு. ரீட்வீட்டுக்கு 1. பதில் எழுதினால் 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவு போட்டவரே திரும்ப வினையாற்றினால் 75. இந்த எண்கள் அப்புறம் மாறியிருக்கலாம். ஆனால் எல்லா நிறுவனங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. எவ்வளவு நேரம் பார்த்தார், கமெண்ட் எழுதினாரா, யாருக்காவது அனுப்பினாரா.

இப்போது எங்கள் பதிவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரத்தம் கொடுக்க முடிவு செய்தவர் என்ன செய்வார்? எண்ணைப் பார்ப்பார், ஆப்பை மூடுவார், அழைப்பார். நான்கு நொடி. லைக் இல்லை, கமெண்ட் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் பதிவு தன் வேலையைச் சரியாகச் செய்த அந்தக் கணத்தில், உங்கள் கணக்கில் ஒருவர் ஆர்வமில்லாமல் கடந்து போனதாகப் பதிவாகிறது. அப்படி நான்கு பேர் கடந்து போனதும், இது யாருக்கும் பிடிக்காத பதிவு என்று இயந்திரம் முடிவு கட்டி அடுத்தவருக்குக் காட்டுவதைக் குறைக்கிறது. எங்களுக்கு வெற்றி என்பது உங்கள் ஆப்புக்கு வெளியே நடக்கிறது. அதை அளக்க உங்களிடம் கருவி இல்லை. இல்லாத கருவியால் எங்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

ரீச்சை அதிகரிக்க என்ன செய்ய வேண்டும் என்று நீங்களும் உங்கள் பயிற்சியாளர்களும் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். வெளி இணைப்புகளை எடுத்தோம். ஹேஷ்டேக்கைக் குறைத்தோம், கூட்டினோம். பின்தொடர்பவர்கள் அதிகம் இருக்கும் நேரத்தில் போடுங்கள் என்றார்கள். விபத்து எந்த நேரத்தில் நடக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் கமெண்ட் வர வேண்டும் என்றார்கள் என்பதற்காக, நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதிக்கொண்டிருந்தோம். ரீல்ஸ் போடுங்கள், முதல் மூன்று நொடியில் பிடித்து நிறுத்துங்கள் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை இரவு எங்கள் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ரீல் செய்தாள். எழுத்து ஓட வேண்டும், பின்னணியில் இசை வேண்டும். ஒரு குழந்தையின் உயிர்த் தேவைக்கு எந்த இசையை வைப்பது என்று பட்டியலை உருட்டிக்கொண்டே அழுதுவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தில் இருபது பேருக்கு அழைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

‘பகிருங்கள்’ என்று கேட்பதற்கும் பயமாக இருக்கிறது. லைக், ஷேர் கேட்டுத் தூண்டில் போடும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக 2017 டிசம்பரில் பேஸ்புக் அறிவித்தது. நல்ல முடிவு. உதவி கேட்கும் பதிவுகளை இது பாதிக்காது என்றும் அப்போதே சொன்னார்கள், காணாமல் போன குழந்தை பற்றிய அறிவிப்பை உதாரணமாகக் காட்டினார்கள். ஆனால் எங்கள் பதிவை இயந்திரம் உதவி என்று படித்ததா, தூண்டில் என்று படித்ததா என்று எங்களுக்கு யார் சொல்வது? எங்கள் பதிவுகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருப்பதால் ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டதா? கேட்டு மூன்று முறை எழுதினோம். தானாக வரும் நன்றிக் கடிதம் மூன்று வந்தது.

இது எங்கள் ஒரு பக்கத்தின் குறை மட்டும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்பவரும், வெள்ள எச்சரிக்கையைப் பரப்புகிறவரும், தொலைந்த முதியவரைத் தேடுகிறவரும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். சண்டை மூட்டும் பதிவு ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் போய்விடுகிறது. கமெண்டில் திட்டிக்கொள்வதும் ஈடுபாடுதானே உங்கள் கணக்கில். 2017இலிருந்து பேஸ்புக் கோபக் குறி உள்ளிட்ட எமோஜிகளுக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து வந்ததும், 2020இல் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியதும் பிறகு வெளிவந்த உள் ஆவணங்களில் இருந்தன. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு அறையில் சில பேர் உட்கார்ந்து ஓர் எண்ணை மாற்றினார்கள், கோடிக்கணக்கானவர்கள் பார்ப்பது மாறியது. மழை, காற்று போல யாராலும் ஒன்றும் செய்ய முடியாத விஷயம் மாதிரி அல்காரிதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களால் முடியும்.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பதிவு போடும்போது ‘இந்த நேரம் வரை’ என்று குறிக்க ஒரு கட்டம் கொடுங்கள். அது வரை, பின்தொடர்பவர் யார் ஆப்பைத் திறந்தாலும் அந்தப் பதிவு மேலே இருக்கட்டும். நேரம் முடிந்ததும் அது யாருக்கும் போகாமல் நிற்கட்டும். அந்த அப்பாவின் அலைபேசி புதன்கிழமை வரை அடித்திருக்காது. எல்லாரும் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று கவலைப்பட்டால், சரிபார்க்கப்பட்ட பக்கங்களுக்கு மட்டும் கொடுங்கள், வாரத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வையுங்கள். நாங்கள் எந்தச் சான்றையும் காட்டத் தயார். 2017இல் இரத்தக் கொடையாளர்கள் பதிவு செய்துகொள்ள பேஸ்புக் தனி வசதியே தொடங்கியது. மனம் வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு அதைத்தான் சொல்வேன்.

இன்ஸ்டகிராம் 2022இல், ஒருவர் தான் பின்தொடரும் கணக்குகளின் பதிவுகளை நேர வரிசையில் பார்க்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தது. நன்றி. ஆனால் ஆப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப் போய்த் தொட வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு வரிசை இருக்கட்டும், ஒரு முறை தேர்ந்தெடுத்தால் அப்படியே நிற்கட்டும். ஒரு பதிவைக் கீழே இறக்கினால் காரணத்தைச் சொல்லுங்கள். விதிமீறல் என்று சொல்லி ஒரு பதிவின் பார்வையைக் குறைத்தால் அதைப் போட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் சொல்கிறது. அங்கே செய்கிறீர்கள் என்றால் மற்ற இடங்களிலும் செய்ய முடியும்.

திரும்பவும் தாழ்மையோடு கேட்கிறேன். எங்களைத் தேடி வந்தவர்களுக்கு, நேரம் குறித்த பதிவை நேரத்துக்குக் காட்டுங்கள்.

இந்த வாரம் அந்தத் தம்பியின் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் ஏ நெகட்டிவ் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். 11,000 பேரையும் அப்படி எழுத எங்களால் ஆகாது. உங்களில் யாராவது பேச விரும்பினால் பக்கத்தின் உள்பெட்டியில் எழுதுங்கள். இரவு எந்த நேரமானாலும் எங்கள் ஐந்து பேரில் ஒருவர் விழித்திருப்போம்.

இப்படிக்கு,
இரத்தக் கொடையாளர் பக்கம் ஒன்றின் தன்னார்வலர்