அஞ்சு பையா, ஒரு குப்பியா

பாளையங்கோட்டை

ஏலே முத்தையா,

இத்தனை நாள் ஒரு வரி போடாத கோவத்தை நேர்ல காட்டு. இங்க எல்லாரும் சுகம். சொக்கன் வழக்கம்போல சொக்கன்தான்.

தங்கச்சி மகனுக்கு ஹீமோபிலியா, ரத்தம் லேசுல உறையாத நோய். ரத்தத்தை உறைய வைக்குத புரதமான ஃபேக்டர் எட்டு குப்பி மருந்து அவனுக்கு வேண்டாம், அது ஆயிரக்கணக்கான பேர் பிளாஸ்மாவுல (ரத்தத்தோட நீர்ப் பகுதி) எடுத்தது, சொந்தக்காரங்க ரத்தம் கொடுத்து, அதுல அந்தப் புரதம் செறிஞ்ச பகுதியான கிரையோவை ஏத்திக்கிடுதோம்னு எழுதியிருக்க. யாருலே சொன்ன யோசனை, நம்ம சார்வாளா? பயம் நியாயம்தான். கணக்குதான் தலைகீழ்.

எண்பதுகளோட தொடக்கத்துல உலகம் பூரா ஹீமோபிலியாக்காரங்களுக்கு எச்.ஐ.வி.யும் கல்லீரலைக் கெடுக்குத ஹெபடைடிஸ் சி-யும் வந்தது ஃபேக்டர் வழியாத்தான். பல ஆயிரம் பேர் பிளாஸ்மாவை ஒண்ணாக் கலக்கும்போது ஒருத்தர்கிட்ட கிருமி இருந்தாலும் அந்த பேட்ச் பூரா போச்சு. 1985 வாக்குல, கொழுப்பைக் கரைக்குத ரசாயனம் சேர்க்குத சால்வென்ட் டிடர்ஜென்ட் முறை வந்தது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூணுக்கும் மேல கொழுப்பு உறை உண்டு. அது கரைஞ்சா வைரஸால ஒண்ணும் செய்ய முடியாது. சில கம்பெனி 60 டிகிரியில 10 மணி நேரம் கரைசலா சூடாக்கும், சிலது 80 டிகிரியில 72 மணி நேரம் உலர்தூளா. உறை இல்லாத ஹெபடைடிஸ் ஏ, பார்வோ பி19 வைரஸ் ரெண்டும் சால்வென்ட்டுக்கு மசியாது. பார்வோ சூட்டுக்கும் லேசுல சாகாது. மிச்சம் இருக்குத ஆபத்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

கிரையோவுக்கு இதுல ஒண்ணுமே கிடையாது. உறைஞ்ச பிளாஸ்மாவை 4 டிகிரியில மெதுவா இளக விட்டு, அடியில தங்குதத எடுத்துத் திரும்ப உறைய வைக்காங்க. உறைஞ்சா வைரஸ் சாகுமா? பத்திரமா இருக்கும்!

பையன் 20 கிலோன்னு வையி. மூட்டுல ரத்தக்கசிவுன்னா கிலோவுக்கு 20 யூனிட் ஃபேக்டர், மொத்தம் 400. ஒரு ஆள் ரத்தத்துல வருத ஒரு கிரையோ பையில சுமாரா 80. ஆக தடவைக்கு அஞ்சு பேர். மாசம் ரெண்டு தடவைன்னா வருசத்துக்கு 120 பை. ஒவ்வொண்ணும் சோதனையை மட்டும் நம்பி வருது. தொத்தின புதுசுல சோதனையில சிக்காத நாட்கள் இருக்குல்லா, அதுதான் விண்டோ பீரியட். கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குத ஆன்டிபாடியைத் தேடுத எலிசா சோதனையில ஹெபடைடிஸ் சி தெரிய ரெண்டு மாசம்கூட ஆகும். கிருமியோட மரபணுவையே தேடுத நாட் (NAT) சோதனையில பத்து நாள் வாக்குல தெரிஞ்சிடும். ஆனா நாட் எல்லா ரத்த வங்கியிலயும் கிடையாது.

சொந்தக்கார ரத்தம் சுத்தம்னு நினைக்காத. பெரியவங்க முன்னால வச்சு ‘நீ கொடுலே’ன்னா, கொடுக்கக்கூடாத காரணம் இருக்குதவனும் வாயைத் திறக்க மாட்டான். வருசக்கணக்கா தானா வந்து கொடுக்குதவங்க ரத்தம்தான் மேல். 2018 டிசம்பர்ல சாத்தூர் கர்ப்பிணிக்கு ரத்தம் வழியா எச்.ஐ.வி. வந்ததை மறந்திட்டியா?

அதனால ஃபேக்டரே போடுங்க. அவசரத்துக்கு அது கிடைக்கலைன்னா கிரையோவுக்காகத் தயங்கி நிக்காதீங்க, கசிவு காத்திருக்காது.

தங்கச்சி வீட்டுலயே போடப் படிக்காள்லா, அவளுக்குச் சொல்லு. குப்பி 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது. மருந்துத் தூள், கலக்குத தண்ணி ரெண்டு குப்பியும் அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் தண்ணிய பக்கச் சுவரு வழியா இறக்கி, உள்ளங்கையில உருட்டணும். மோர் கடையுத மாதிரி குலுக்கினா நுரைச்சுப் புரதம் கெட்டுரும். கூட வருத வடிகட்டி ஊசியாலதான் உறிஞ்சணும். கலக்கினா 3 மணி நேரத்துக்குள்ள போட்டுரணும். குப்பியில இருக்குத பேட்ச் நம்பரை நோட்டுல தேதியோட எழுதட்டும். அந்த பேட்ச்சைக் கம்பெனி பின்னால திரும்பக் கேட்டா, யார் உடம்புல ஏறுச்சுன்னு காட்ட அது ஒண்ணுதான் உண்டு. எச்.ஐ.வி., பி, சி சோதனை வருசா வருசம் எடுக்கணும். சி வந்தாக்கூட இப்ப 12 வார மாத்திரையில பெரும்பாலும் குணமாயிரும்.

தடுப்பூசி அட்டையைத் தேடச் சொல்லு. ஹெபடைடிஸ் பி எல்லாத் தவணையும் முடிஞ்சுதா, ஏ போட்டிருக்கான்னு பார்த்து எனக்கு எழுது. இனிமே போடுததா இருந்தா, மெல்லிசு ஊசியில தோலுக்கடியில போடச் சொல்லணும், தசையில வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்காம பத்து நிமிசம் அழுத்திப் பிடிக்கணும்.

சார்வாளுக்கு இந்தக் கடுதாசியைக் காட்டாத, கையோட கிளம்பி வந்துருவாரு.

உன்
சங்கரன்