கானில் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்

எரிபொருள் விநியோகத்துக்குப் பொறுப்பாகக் கொழும்பில் இருக்கும் ஐயாமாருக்கு,

வணக்கம். விவசாயிக்குக் கானில், அதாவது கையில் கொண்டுபோகும் கலனில், மண்ணெண்ணெய் தரச் சொல்லிக் கேட்கும் மடல் இது. தட்டுப்பாடு என்றால் எங்களுக்குக் கானில் அடிக்க மறுக்கிறார்கள்.

2025 யூனில் இஸ்ரேலும் ஈரானும் அடிபட்டன. உலக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு போய்வரும் ஹோர்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானித்தது. அந்த முறை அதை மூடவில்லை. தட்டுப்பாடு வருமென்ற பயத்தில், முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுப் பக்கம் எங்கள் எரிபொருள் செற்றில்தான் வழி மறித்துக் கயிறு கட்டினார்கள்.

என் மிளகாய் அப்போது பூப்பிடிக்கிற பருவம். சோளகக் காற்று அடித்தால் இரண்டு நாளில் மண் வெடித்துவிடும். தண்ணீர் இறைக்கும் பம்புக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கானோடு போனேன். “கானுக்கு அடிக்கேலாது ஐயா, மிசினைக் கொண்டு வாங்கோ” என்றான் செற்றில் எண்ணெய் அடிக்கிற பெடியன். அவனில் பிழையில்லை, மேலிடத்து உத்தரவாம். சரி என்று பம்பைக் கழற்றி, சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் கட்டி, மூன்று கிலோமீற்றர் உருட்டினேன். அதன் தாங்கியில் மூன்று லீற்றருக்கு மேல் பிடிக்காது. இறைத்து முடித்துத் திரும்பவும் கழற்றல், திரும்பவும் உருட்டல். நாலாம் நாள் குழாய் பூட்டும் இடத்தில் மரை போய், காற்று இழுக்கத் தொடங்கியது. தண்ணீர் ஏறவில்லை. பூவெல்லாம் கொட்டுண்டது.

போர் நடந்தபோது வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். 2022 இல் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனபோதும் வாங்கினோம். நான் விலை பேசவில்லை, கானைப் பற்றித்தான் கேட்கிறேன்.

திருகோணமலை எங்களுக்கு அடுத்த மாவட்டம். வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. 1987 இலிருந்து அவற்றுக்காகப் பேச்சு நடந்து, 2022 இல் பாகம் பிரித்தார்கள்: இந்திய நிறுவனத்துக்கு 14, நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவருக்கும் கூட்டாக 61. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்குக் கொடுத்ததும் 99 வருடத்துக்கு. இந்த 99 இல் அப்படி என்ன ராசியோ! எனக்கு ஐந்து லீற்றர் போதும் ஐயா, கான்கூட என்னுடையதுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கமநல சேவை நிலையத்தின் கடிதத்தோடு வரும் விவசாயிக்கு, தட்டுப்பாட்டு நாளிலும் கானில் மண்ணெண்ணெய் அடிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை தயவுசெய்து அனுப்புங்கள். தமிழிலும் அனுப்பினால் பெடியனே வாசித்துக்கொள்வான். அடுத்த சிறுபோகத்துக்கு முதல் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
விசுவமடுத் தோட்டக்காரன் ஒருவன்