கணக்கெடுப்பு அட்டையைச் சரிபார்த்து அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குரோம்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அண்மையில் கணக்கெடுப்பாளர் ஒருவர் வந்தார். ரயில் நிலையத்துக்கு விடப்போகும் சிற்றுந்து எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு சேவைகள் அச்சிட்ட அட்டையை நீட்டினார். முதல் சேவைக்குக் கட்டணம் 10 ரூபாய், காத்திருப்பு 10 நிமிடம், நிறுத்தத்துக்கு நடை 200 மீட்டர். இரண்டாவதற்கு 15 ரூபாய், 20 நிமிடம், 400 மீட்டர். இதில் எதைச் சொல்வேன் என்று கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். மூன்று அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் என்றால் 27 விதமான சேவைகள் கிடைக்கும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 351 கேள்விகள். அவற்றில் 189 கேள்விகளில் ஒரு சேவை மற்றதைவிட எதிலும் மோசமாக இராது, ஏதேனும் ஒன்றிலாவது மேலாக இருக்கும். அதாவது பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு விடை கேட்காமலே தெரியும். ஐந்து ரூபாய் மிச்சமாவதற்காக ஒருவர் எத்தனை நிமிடம் கூடுதலாக நிற்பார் என்பதை மீதமுள்ள 162 கேள்விகளே சொல்லும்.

இவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு கேள்விகளைப் பொறுக்கித் தர என்ஜீன் (Ngene) போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆர் (R) என்ற கணினி நிரல் மொழியில் இலவசத் தொகுப்புகளும் உண்டு. குறைந்த பேரிடம் கேட்டாலும் மதிப்பீட்டுப் பிழை சிறிதாக அமையும்படி அவை கேள்விகளைத் தேர்கின்றன. ஆனால் கட்டணமும் காத்திருப்பும் மக்கள் விருப்பத்தை எவ்வளவு பாதிக்கும் என்ற உத்தேச எண்களை நாம்தான் முன்கூட்டித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று கொடுத்துவிட்டால் கட்டணம் ஏறுவது நல்லதா கெட்டதா என்பதே மென்பொருளுக்குத் தெரியாது. என்னிடம் நீட்டியது போன்ற அட்டைகளை அது தயங்காமல் தேர்ந்தெடுக்கும். கட்டணம் கூடினால் விருப்பம் குறையும் என்பதைக் காட்டும் கழித்தல் குறியையாவது கொடுத்து, முப்பது நாற்பது பேரிடம் முன்னோட்டம் நடத்தி, கிடைத்த எண்களை மீண்டும் உள்ளிட்டு அட்டைகளைத் திருத்துவதே முறை. இதற்கு ஒரு வாரம் கூடுதலாகலாம்.

இன்னொரு குறையை என் மருமகள்தான் சுட்டிக்காட்டினாள். அவள் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாத வெள்ளைப் போர்டு பேருந்தில் வேலைக்குப் போகிறவள். "அண்ணா, நான் இப்ப காசில்லாமதான் போறேன், அத எங்க டிக் பண்றது?" என்று கணக்கெடுப்பாளரிடம் கேட்டாள். அட்டையில் அதற்கு இடமில்லை. 'இரண்டும் வேண்டாம், இப்போது போகும் வழியே போதும்' என்ற மூன்றாவது தெரிவு இல்லாததால், ஏதோ ஒன்றில் குறியிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். புதிய சிற்றுந்துக்குப் பயணி ஒருவர் கூடிவிட்டதாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

இத்தகைய கணக்கெடுப்புகளின் முடிவை வெளியிடும்போது, கேட்ட அட்டைகளையும், மென்பொருளுக்குக் கொடுத்த உத்தேச எண்களையும், அவை எங்கிருந்து வந்தன என்பதையும் பின்னிணைப்பாகச் சேர்க்குமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
குரோம்பேட்டை, சென்னை.