வானத்தில் ஒரு சோடி வெளிச்சம்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மாரிக்கு முன்னமே ஓடு மாற்றிவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பொழுதுபட்ட பிறகு கசூரினா கடற்கரையில் நின்றேன். மங்கலான இரண்டு வெள்ளிகள், இடைவெளி மாறாமல், தென்மேற்கிலிருந்து ஏறி வந்தன. திடீரென்று முன்னது விடிவெள்ளி போலப் பளிச்சிட்டு மங்கியது. சில விநாடிகளில் பின்னதும் அதே இடத்துக்கு வந்து பளிச்சிட்டது. அமெரிக்கக் கடற்படையின் உளவுச் செய்மதிச் சோடி அது. ஏறத்தாழ 1100 கிலோமீற்றர் உயரத்தில் போய்க்கொண்டே, கப்பல்களின் ராடார், வானொலி அலைகளைப் பிடித்து அவை நிற்கும் இடத்தைக் கணிக்கும். அதன் தட்டையான ஒரு பரப்பில் பட்ட வெயில் நேராக எங்கள் பக்கம் தெறித்தால் இந்தப் பளிச்சீடு.

முன்பு இரிடியம் என்ற தொலைபேசிச் செய்மதிகள் இதைவிடப் பல மடங்கு பிரகாசமாக மின்னின. எந்த விநாடியில் மின்னும் என்றும் முன்கூட்டியே சொல்லலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை 2019க்குள் இறக்கி எரித்துவிட்டார்கள். உளவுச் செய்மதிகளின் பாதையையோ அமெரிக்கா வெளியிடுவதே இல்லை. உங்கள் ரொறன்ரோவில் ரெட் மோல்சான் என்பவரும் வேறு நாடுகளில் அவரைப் போன்றவர்களும் பைனாகுலரும் நிறுத்தற் கடிகாரமும் வைத்தே அதைக் கணக்கிட்டார்கள். தெரிந்த இரண்டு வெள்ளிகளுக்கு நடுவே செய்மதி கடக்கும் கணத்தைக் குறிப்பார்கள். பல இரவுகளின் குறிப்புகள் சேர்ந்தால் பாதை வந்துவிடும்.

மச்சான், யுத்த காலத்தில் வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றும் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு இது சின்ன விஷயமா? அப்போது மேலே இருந்தது எங்களைப் பார்த்தது, நாங்கள் தலை நிமிரவில்லை. இப்போது நான் நிமிர்ந்து நின்று அதன் நேரத்தைக் குறிக்கிறேன். அந்தச் சந்தோசத்தை உன்னிடம்தான் சொல்லலாம்.

இங்கே கெதியில் இருட்டி, பூமியின் நிழலும் கெதியாய் ஏறிவிடும்; அதற்குள் போன செய்மதி தெரியாது. பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலம் வரைக்கும், பிறகு விடியப்புறமும்தான் வாய்ப்பு. யூன் மாதத்தில் உன் ஊரிலே நடுச்சாமத்திலும் இவற்றைக் காணலாம், முயன்று பார்.

அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது 7×50 பைனாகுலர் ஒன்று வாங்கி வா. காசு இங்கே தருகிறேன்.

அன்புடன்,
குமரன்