பச்சைப்பயறு உயிரற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி போன வாரம் அறிவியல் பயிற்றியை, அதாவது பயிற்சிப் புத்தகத்தை, கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உயிரற்றவற்றுக்கு வட்டமிட வேண்டிய கேள்வி. கல், நாற்காலி, பந்து, ஒரு பிடி பச்சைப்பயறு. மூன்றுக்கு வட்டம் போட்டவள் பயற்றை மட்டும் விட்டிருந்தாள். சிவப்பு மையில் தப்பு. ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்றியின் பின்பக்க விடைப்பட்டியலே அப்படித்தான் சொல்கிறது.

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மளிகைக்கடையில் 38 வருஷம் பருப்பும் பயறும் நிறுத்துப் போட்டவன் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உயிருள்ளவை உணவு உண்ணும், சுவாசிக்கும், நகரும், வளரும், இனவிருத்தி செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கழிவை வெளியேற்றுவதும் தூண்டலுக்குத் துலங்குவதும் பெரிய வகுப்பில் வந்து சேரும். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு பொருளை மேசைமேல் வைத்து, இந்த நிமிஷம் இதில் எது நடக்கிறது என்று பார்த்தால் பயறு தோற்றுத்தான் போகும். நானும்தான். வயது 71, உயரம் வளர்வது நின்று ஐம்பது வருஷமாகிறது, இனவிருத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கார்த்திகை விளக்கோ எண்ணெய் குடிக்கும், புகை கக்கும், காற்றடித்தால் நெளியும், ஒரு சுடரிலிருந்து ஒன்பது சுடர் பிறக்கும். அதற்காக அதை உயிருள்ளது என்போமா? உயிருள்ளது எதுவானாலும் உயிரணுவால் ஆனது. சுடரைத் துழாவினாலும் ஓர் உயிரணு கிடைக்காது. பயற்றுக்குள் அது நிறைந்து கிடக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் கிடங்குக் கூரை ஒழுகி, பயறு மூட்டை ஒன்று அடியில் நனைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கையை உள்ளே விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. காய்ந்திருக்கும்போது பெயருக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் விதை, ஈரம் பட்டதும் உயிர்வளியை வேகமாக இழுத்து, சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழிக்க ஆரம்பிக்கிறது. கரிவளியும் சூடும் வெளியே வருகின்றன. பூஞ்சணம் பிடித்தால் சூடு இன்னும் ஏறும். “பலகை போட்டு அடுக்குடா, பயறும் மூச்சு விடணும்” என்று முதலாளி கத்துவார். அவர் அறிவியல் படித்தவர் இல்லை.

அதே கடையில் பாசிப்பருப்பும் உண்டு. அதுவும் இதே பயறுதான், மில்லில் தோல் நீக்கி இரண்டாக உடைத்தது. உடைக்கும்போது முளைக்கரு போய்விடும். எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது, ஊசித்தான் போகும். பயிற்றியில் பாசிப்பருப்பைப் படம் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சார் குவே தியா என்ற வறுத்த தட்டை நூடுல்ஸில் அள்ளிப் போடும் தாவ்கே, அந்த வெள்ளை முளை, எங்கிருந்து வருகிறது? இந்தப் பச்சைப்பயற்றை நனைத்து இருட்டில் வைத்தால் வருவதுதானே. கல்யாணத்தில் பாலிகைக் கிண்ணத்தில் தூவுகிற தானியமும் உயிரோடு இருந்தால்தான் முளைக்கும். பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுப் போகிறோம். இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 வருஷப் பழைய கொட்டை ஒன்றை 2005இல் நட்டார்கள், முளைத்து மரமானது. அத்தனை காலம் அது எந்தப் பட்டியலுக்கும் சிக்காமல் கிடந்திருக்கிறது.

பயிற்றி தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதைகளை உயிரற்றவை பக்கத்தில் தள்ளாதீர்கள். பயற்றையும் ஒரு கூழாங்கல்லையும் ஈரப்பஞ்சில் வைத்து மூன்று நாள் பார்க்கச் சொல்லி, கேள்வியை அப்புறம் கேளுங்கள். ஆறு காசு கூடச் செலவில்லை.

பேத்தியும் நானும் செய்து பார்த்துவிட்டோம். இரண்டாம் நாளே வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. கூழாங்கல்லுக்கும் அவள் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள், பாவமாம். திங்கட்கிழமை கிண்ணத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோகட்டுமா தாத்தா என்று கேட்டாள். சரி என்று சொல்லியிருக்கிறேன், ஆசிரியையிடம் வணக்கம் சொல்லிவிட்டுக் கொடு என்று.

இப்படிக்கு,
பழைய மளிகைக்கடைக்காரன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு