காலி வீதியை கடக்க இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

கொழும்பு காலி வீதி ட்ராஃபிக்கை பற்றி கதைக்கிறவை எல்லாரும் வாகனம் வேகமா போகேலாம இருக்கு எண்டுதான் சொல்லினம், நடந்து போற ஆக்களிண்ட பாட்டை ஆரும் எழுதிறேல்ல. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை தாண்டி வெல்லவாய மட்டும் போற ஏ2 ரோட்டுத்தான், ஆனா வெள்ளவத்தையில இருக்கிற எங்களுக்கு அது வீட்டு முத்தம் மாதிரி. மரக்கறி, மருந்து, சீலை, பிள்ளையளிண்ட டியூஷன், பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில், எல்லாத்துக்கும் அதாலதான் போகவேணும். 83 ஆடிக் கலவரத்தில எரிச்ச கடையளை திரும்ப கட்டி எழுப்பி ஏவாரம் செய்த சனம் இருக்கிற ரோட்டு இது.

ரயில் ஸ்டேஷனும் ராமகிருஷ்ண மிஷனும் கடல் பக்கம், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை மற்ற பக்கம், அப்ப கடக்காம இருக்கேலாது. வயசுபோன ஒரு அம்மா ஒரு கையில மரக்கறி பையும் மற்ற கையில குடையுமா இறங்கி நடுக்கோட்டுக்கு வரேக்கயே பச்சை லைட் மினுங்க தொடங்கிடும், 100, 101 நம்பர் பஸ்ஸுகள் பஸ் ஹோல்டில ஆளேத்த ஒண்டை ஒண்டு முந்திக்கொண்டு வருகுது, பின்னால ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்குது, அவ திரும்பிறதோ ஓடுறதோ எண்டு தெரியாம அந்த நடுவிலயே நிக்கிறா. பார்க்கவே வயித்தை கலக்கும். நடைபாதையால போவம் எண்டாலும் அதில மோட்டார் சைக்கிளை ஏத்தி விட்டிருப்பினம், மிச்ச இடத்தில கடைக்காரர் சீலை கட்டின பொம்மையை வைச்சிருப்பினம், கடைசியில சனம் ரோட்டில இறங்கித்தான் நடக்குது.

ஏலாத விசயம் இல்லை பாருங்கோ. ஆடிவேல் திருவிழாவுக்கு செட்டியார் தெருவில இருந்து தேர் வரேக்க இதே காலி வீதியில பொலிஸ் வாகனங்களை மறிச்சு வழி விடுகுது தானே, ஒருத்தரும் செத்துப்போகேல்ல. நாங்கள் கேக்கிறது ரோட்டை மறிக்க சொல்லி இல்லை. பள்ளிக்கூடம் விடுற நேரமும் பின்னேரமும் கடக்கிற லைட்டை கொஞ்சம் கூட நேரம் விடுங்கோ, நடைபாதையில வாகனம் விடுறவைக்கு தண்டம் எழுதுங்கோ, வெள்ளவத்தை மார்க்கெட் சந்தியில காலமையும் பின்னேரமும் ஒரு பொலிஸை நிப்பாட்டுங்கோ. மாநகர சபையும் ட்ராஃபிக் பொலிஸும் இதை வாசிச்சா நல்லம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்