முல்லைத்தீவு வர்த்தகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025: கூரைச் சோலாரும் கடனும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, வணிக உறவுகளே, வணக்கம்.

நிருவாக சபை மாதந்தோறும் கூடியது. சந்தை வடிகால், தெருவிளக்கு, பாரவூர்தித் தரிப்பிடம் ஆகியவை பற்றிப் பிரதேச சபைக்கு எழுதிய கடிதங்கள் கோவையில் இருக்கின்றன, விரும்பியவர் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் ஒரே விடயம் பற்றியது. கடை, ஐஸ் தொழிற்சாலை, குளிர் அறை, அரிசி ஆலை என்று எந்தத் தொழிலாயினும், கூரையில் சோலார் போடக் கடன் எடுக்கலாமா என்பதே இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் கேட்ட கேள்வி. எடுக்கலாம். ஆனால் முதலில் மின்சார சபையின் கடிதம், பிறகு வங்கி, கடைசியில் பனல். இந்த ஒழுங்கு மாறினால் வட்டிதான் மிஞ்சும்.

பழைய விலையை வைத்து இன்று கணக்குப் போடக்கூடாது. 2016 இல் அரசின் கூரைச் சோலார்த் திட்டமான சூரிய பல சங்கிராமய வந்தபோது ஒப்பந்தக் காலம் 20 ஆண்டு. விற்கும் அலகுக்கு முதல் 7 ஆண்டு 22 ரூபா, மீதி 13 ஆண்டு 15 ரூபா 50 சதம். 2022 நெருக்கடியில் அது 37 ரூபாவாக ஏறியது. 2024 இல் 27 ஆக இறங்கியது. 2025 இல் இன்னும் குறைந்து, பெரிய தொகுதிக்குக் குறைந்த விலை, சிறியதற்குக் கூடிய விலை என்று படி பிரிக்கப்பட்டது. 5 முதல் 20 கிலோவாற் வரையான கூரைக்கு 2025 இல் வந்த விலை 20 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக் கடைக்காரர் 37 ரூபா வாங்குகிறார் என்றால் அது அவர் கையெழுத்திட்ட ஆண்டின் விலை. உங்களுக்கு அது கிடையாது. நிறுவுநர் தரும் அச்சிட்ட தாளில் "நான்கு ஆண்டில் முதல் திரும்பும்" என்று இருந்தால், எந்த விலையை வைத்து அந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

மூன்று முறைகள் உண்டு. நெற் மீற்றரிங்கில் மிஞ்சிய அலகு அடுத்த மாதத்துக்குச் செல்லும், காசு வராது. நெற் எக்கவுண்டிங்கில் பாவனையைக் கழித்து மிஞ்சியதற்குக் காசு வரும். நெற் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவனைக்கு வேறாகப் பட்டியல் கட்ட வேண்டும். எது நல்லது என்பதற்குப் பொது விடை கிடையாது. உங்கள் மின் பட்டியலில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பொதுத் தேவை வகையில் உள்ள கடையோ குளிர் அறையோ, வாங்கும் விலை விற்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், பகலில் தான் எரிக்கும் அளவுக்கே கூரையைப் போட்டு நெற் எக்கவுண்டிங் எடுப்பது சரி. கைத்தொழில் வகையில் வாங்கும் விலை குறைவாக இருந்தால் கணக்கு மறுபக்கம் திரும்பும். ஒரே தெருவில் இரண்டு மில்லுக்கு இரண்டு விடை வரலாம். கடந்த 12 மாதப் பட்டியல்களை அடுக்கி வையுங்கள். ஒரு மாதப் பட்டியலைக் காட்டி அளவு கேட்பவருக்கு எவரும் சரியான அளவு சொல்ல முடியாது. பெரும்போக அறுவடைக்குப் பின் இரவு பகலாக ஓடும் மில் ஐப்பசியில் பூட்டிக் கிடக்கும்.

அளவுக்கு இன்னொரு வேலி இணைப்பின் கொள்ளளவு. சிங்கிள் பேஸ் 30 அம்பியர் என்றால் ஏறத்தாழ 7 கிலோவாற், திரீ பேஸ் 30 அம்பியர் என்றால் 20, திரீ பேஸ் 60 அம்பியர் என்றால் 42. அதற்கு மேல் போட வேண்டுமாயின் முதலில் இணைப்பைப் பெருப்பிக்க வேண்டும். அதோடு உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஏற்கெனவே பலர் போட்ட தெருவில் விண்ணப்பம் நிற்பது இதனால்தான்.

ஐஸ் தொழிற்சாலைக்காரருக்குத் தனியாக ஒரு சொல். கட்டி ஐஸ் ஒரு தொன்னுக்கு, இயந்திரத்தின் வயதைப் பொறுத்து, 60 முதல் 80 அலகு போகும். ஒரு கிலோவாற் மாதம் சராசரி 110 அலகு என்று எடுத்தால் 20 கிலோவாற் கூரை நாளுக்குத் தருவது 73 அலகு. அந்தக் கூரைக்கு வேண்டியது 550 வாற் பனல் 36, ஆயிரம் சதுர அடிக் கூரை, பனலின் பாரம் மட்டும் ஒரு தொன். கிடைப்பது நாளுக்கு ஒரு தொன் ஐஸுக்கான மின்சாரம். "சோலார் போட்டால் பட்டியலே வராது" என்று நம்பியவர்கள் இந்தக் கணக்கை இருமுறை பார்க்கவும். பகலில் கொம்பிரசரைக் கூட்டி ஓட்டி, மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தில் குறைத்தால் பயன் கூடும்; உப்புநீர்த் தொட்டியின் குளிரே பற்றரி. மொத்தப் பாவனையாளராக இருந்தால் கே.வீ.ஏ. கேள்விக் கட்டணம், அதாவது மாதத்தில் ஏறிய உச்ச மின்சுமைக்கு அறவிடுவது, சோலாரால் அதிகம் இறங்காது என்பதையும் அறிக. முகில் மறைக்கும் பதினைந்து நிமிடமே அந்த மாத உச்சமாகப் பதியலாம். மேலும் இன்வேர்ட்டர் (பனலின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) உண்மை வலுவை மட்டும் தருவதால் மீற்றரில் தெரியும் வலுக்காரணி, அதாவது எடுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு, இறங்கும். அதைச் சரிசெய்யும் கப்பசிற்றர் தொகுதியை மறுபடி பொருத்த வேண்டி வரும். இதைக் கூறுவிலையில் எவரும் எழுதுவதில்லை.

இனிக் கடன். விலை மாறிக்கொண்டே இருப்பதால் கணக்குக்காக ஒரு கிலோவாற் ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவாற்றுக்கு 30 இலட்சம். கைக்காசு கால்பங்கு போக 22 இலட்சத்து 50 ஆயிரம் கடன். குறைந்து செல்லும் மீதிக்கு 12 வீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 50,050 ரூபா. உற்பத்தி 2,200 அலகு, எல்லாவற்றையும் 20 ரூபாவுக்கு விற்றால் 44,000. தவணைக்கு மாதம் ஆறாயிரம் குறைகிறது. அதே அலகுகள் 30 ரூபா மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் 66,000. இதே கூரை ஒருவருக்கு இலாபம், இன்னொருவருக்குக் கையைக் கடிக்கும். 7 ஆண்டாக நீட்டினால் தவணை 39,720 ஆக இறங்கும். ஆனால் மொத்த வட்டி 7 இலட்சத்து 53 ஆயிரத்திலிருந்து 10 இலட்சத்து 86 ஆயிரமாக ஏறும்.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வாடை மழை பிடித்தால் உற்பத்தி மூன்றிலொரு பங்கு விழுவதாக வைத்தே திட்டமிடுங்கள். அப்போது 44,000 என்பது முப்பதாயிரத்துக்குக் கிட்ட நிற்கும். அதே மாதங்களில்தான் கடலுக்குப் போவதும் குறைந்து கடைகளில் வியாபாரமும் படுக்கும். ஆகவே மாசி முதல் புரட்டாதி வரை மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, மூன்று தவணையாவது வேறு கணக்கில் வைத்திருங்கள். நெருக்கடி ஆண்டுகளில் கூரை உற்பத்தியாளருக்கான கொடுப்பனவு மாதக்கணக்கில் பிந்தியதும், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் பாவனை குறைந்ததால் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்கப்பட்டதும் நாடறிந்தவை. விற்பனைக் காசை மட்டும் நம்பித் தவணை கட்டுபவருக்கு இவை இரண்டும் இடி.

வட்டி வீதத்தைக் கேட்கும்போது அது எந்த முறையில் என்று கேட்க வேண்டும். லீசிங் தாளில் "9 வீதம் நிலையான வட்டி" என்று வந்தால், அதாவது கடன் குறைந்தாலும் முதல் தொகை முழுவதற்கும் கடைசிவரை வட்டி என்றால், மலிவாகத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: 22,50,000 க்கு 9 வீதம், 5 ஆண்டு, வட்டி 10,12,500, தவணை 54,375. வங்கியின் 12 வீதத்தைவிட மாதம் 4,325 ரூபா கூட. குறைந்து செல்லும் முறைக்கு மாற்றினால் அந்த 9 வீதம் 16 வீதத்தை ஒட்டி வரும். மிதக்கும் வட்டியாயின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், மேல் எல்லை உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். 2022 இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியது.

எங்கள் மாவட்டத்தில் கடன் தடைப்படுவது பெரும்பாலும் வருமானத்தால் அல்ல, காகிதத்தால். முதலாவது காணி. அனுமதிப்பத்திரக் காணியை வங்கி உறுதிக் காணிபோல ஈடு எடுக்காது. பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும். போரில் உறுதி தொலைந்தவர் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே காணியை ஒதுக்கி வைத்து, தொகுதியையே ஈடாகவும் இரண்டு பிணையாளரும் என்று கேளுங்கள். மின்சார சபைக் கொடுப்பனவு நேரே கடன் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தால் வங்கி இறங்கி வரும். இரண்டாவது மின் கணக்கின் பெயர். கணக்கு, காணி, கடன் மூன்றும் ஒரே பெயரில் இல்லாவிட்டால் ஒப்பந்தம் ஓடாது. இன்னும் தகப்பனார் பெயரிலேயே கணக்கு இருக்கும் கடைகள் பல. அவர் காணாமற்போனவராயின் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எவரையும் நெருக்குவது முறையல்ல. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆள் இல்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று உண்டு. அப்படியான குடும்பங்கள் சங்கத்துக்குச் சொன்னால் உரிய இடங்களில் கதைக்க ஆள் அனுப்புவோம். மூன்றாவது, கடன் தகவல் பணியக அறிக்கை. வங்கிக்குப் போகுமுன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். யாருக்கோ பிணை நின்ற நுண்கடன் அதில் இருக்கலாம். வாடகைக் கடைக்காரரும் பிரதேச சபைக் கடை எடுத்தவரும் கூரை உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

காகிதம் சரியானால் படிமுறை இதுதான். நிறுவுநர் நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். விண்ணப்பம் போட்டு, மின் பொறியியலாளர் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் கையில் வந்த பின்னரே வங்கிக் கடனில் கையெழுத்து. கடனைத் தவணையாக விடுவிக்கச் சொல்லுங்கள்: தொடக்கத்தில் 30 வீதம், பொருள் இறங்கியதும் 60, மீற்றர் மாற்றி ஒப்பந்தம் முடிந்த பிறகு கடைசி 10. அந்தப் பத்து வீதத்தைக் கையில் பிடித்திருந்தால்தான் நிறுவுநர் மீற்றருக்கு அலைவார். பனல் ஏறியும் இருவழி மீற்றர் வராமல் கிடக்கும் மாதங்களுக்கு வட்டி ஓடும். மூன்று முதல் ஆறு மாதச் சலுகைக் காலம் கேட்பது இதற்காக.

கடனை முடிக்குமுன் தொகுதி பழுதாகாமல் இருக்க வேண்டும், கடல் அதை அனுமதிக்காது. வாடைக் காற்று உப்புச் சாரலை நேரே கூரையில் கொண்டுவந்து போடும். தண்டவாளம் அனோடைஸ் செய்த அலுமினியம், ஆணி 316 துருவேறா உருக்கு. 304 கரையில் நிற்காது. அலுமினியமும் நாகம் பூசிய இரும்பும் தொடும் இடத்தில் றப்பர் வைக்காவிட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். பனலுக்கு உப்புமூடுபனிச் சோதனைச் சான்று, ஐ.ஈ.சி. 61701, கேளுங்கள். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் என்றால் பொறுப்புறுதி இல்லை என்ற வரி இன்வேர்ட்டரின் தாளில் இருக்கலாம். சிறிய எழுத்தை வாசியுங்கள். அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் போட வேண்டாம். துளையிட்டால் தகடு வெடித்துப் பிளக்கும், பாரமும் தாங்காது. 2020 மார்கழியில் புரெவிச் சூறாவளி எங்கள் கரையை ஒட்டி நுழைந்ததை மறந்தவர் இல்லை. கூரை ஓரத்திலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளிப் பூட்டுங்கள், காப்புறுதியில் சூறாவளியும் மின்னலும் இருக்கிறதா பாருங்கள். மணல் நிலம் காய்ந்தால் நிலத்தொடுப்பின் (எர்த்தின்) தடை ஏறும். நிலத்தொடுப்புக் கோலை ஈரம் பிடிக்கும் ஆழத்துக்கு இறக்கி, கோடையில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து காட்டுவது ஏமாற்று.

நடுப்பகலில் இன்வேர்ட்டர் நின்று நின்று ஓடினால் பெரும்பாலும் இன்வேர்ட்டரின் குற்றமல்ல. நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் கடையில் வோல்ற்றேஜ் ஏறி அது தன்னைத்தானே நிறுத்துகிறது. தடித்த கேபிள் போடுவதும், மூன்று பேஸுக்கும் சுமையைச் சமமாகப் பிரிப்பதும், தீராவிட்டால் ட்ரான்ஸ்போமரின் ராப்பை (வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் படியை) மாற்றக் கேட்பதும்தான் வழி. கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். மின்சார சபைக் கம்பியோடு இணைத்த தொகுதி கரண்ட் இல்லாத நேரம் விளக்குத் தராது. ஜெனரேற்றர் ஓடும்போது இன்வேர்ட்டர் அதனோடு சேராதபடி மாற்று ஆளி கட்டாயம். இல்லாவிட்டால் வலு பின்னால் ஏறி ஜெனரேற்றரைக் கெடுக்கும். கழுவுவதற்கு உவர்க் கிணற்று நீர் வேண்டாம், காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். வாடிப் பக்கம் காக எச்சத்தையும் மில் பக்கம் உமித் தூசியையும் விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், நல்ல நீரால் கழுவுக.

பொதுச்சபையின் முடிவுக்கு இரண்டு முன்மொழிவுகள். சேர விரும்பும் உறுப்பினர் 12 மாதப் பட்டியலுடன் பெயர் தந்தால், ஒரே படிவத்தில் கூறுவிலை கோரி, மேலே சொன்ன ஆணி, கேபிள், நிலத்தொடுப்பு, பத்து வீதப் பிடிப்பு நிபந்தனைகளை எல்லோருக்கும் ஒன்றாக எழுதுவது. நிலத்தொடுப்பு அளக்கும் மீற்றர் ஒன்றைச் சங்க நிதியில் வாங்கி உறுப்பினருக்கு இரவல் கொடுப்பது. ஏற்றுக்கொண்டால் பெயர்ப் பதிவு புரட்டாதி முடிவோடு நிறுத்தப்படும். மழை தொடங்கிய பின் கூரையில் ஏற எவரும் வரமாட்டார்கள்.

செயலாளர்
வர்த்தகர் சங்கம்
முல்லைத்தீவு